கத்தரி வாயில் ஒரு கார்டு

ஆயுத பூஜையன்று தையல் மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் குங்குமம் வைத்த கையோடு, அந்த மெஷினை வாங்க உதவிய கிரெடிட் கார்டுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார் டெய்லர் சங்கரலிங்கம். இப்போது அந்தக் கார்டு அதே கத்தரிக்கோலின் வாய்க்குள் இருந்தது. போன் ஸ்பீக்கரில் வங்கிப் பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

“நாலு வருஷமா ஒரு தவணைகூட தவறல. உங்க கிரெடிட் ஸ்கோர் எண்ணூத்திப் பன்னெண்டு. ரொம்ப நல்ல கஸ்டமர் சார் நீங்க.”

“அப்புறம் எதுக்கும்மா வட்டிய ஏத்துனீங்க?”

“எல்லாருக்குமே ஏத்திருக்காங்க சார்.”

“ஒழுங்கா கட்டுறவனுக்கும் டிமிக்கி குடுக்கிறவனுக்கும் ஒரே வட்டியா? கார்டை வெட்டிப் போட்டுடறேன்.”

“வெட்டினாலும் பாக்கி அப்படியே இருக்கும் சார். வட்டியும் ஓடும்.”

கத்தரிப் பிடிக்குள் அவர் விரல்கள் இறுகின. கார்டின் விளிம்பு மெல்ல வளைந்தது.

“சார், போனை வச்சிடாதீங்க. பேசி முடிச்சதும், நான் எப்படிப் பேசினேன்னு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பரை அமுக்கச் சொல்லி ஒரு ரெக்கார்டிங் வரும். அஞ்சு வரலேன்னா இந்த மாசம் எனக்குச் சம்பளத்துல பிடிச்சிடுவாங்க.” அவள் குரல் தாழ்ந்தது. “நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல சார்.”

கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே இடது கை விரலைப் போன் திரைக்குக் கொண்டுபோனார். ஒன்று, ஐந்து இரண்டு பொத்தான்களும் ஒரே அளவில்தான் இருந்தன.