தெரியாத எண்

“பாப்பா எங்க?”

படமில்லாத ஏதோ ஓர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருந்த அந்த இரண்டு சொற்களைப் படித்ததும், விரித்துப் பிடித்திருந்த சேலையைச் சுவேதா சற்றுத் தாழ்த்தினாள்.

ஆனாலும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. எதிரே ஸ்டாண்டில் இருந்த போனில் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு சேலையோடு தொடங்கிய ஆன்லைன் வியாபாரத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாக நூறு பேருக்கு மேல் பார்க்கிறார்கள். பிடித்த சேலையைப் படமெடுத்து அவளுடைய இன்னொரு போனுக்கு அனுப்பினால் அது ஆர்டர். அந்தப் போனில்தான் இந்தக் கேள்வியும் வந்திருந்தது.

போன வாரம் ஒருவன் அசிங்கமாக எழுதியிருந்தான். பாகூரில் அவள் வீடு எந்தத் தெரு என்று தெரியும் என்றும் சொல்லியிருந்தான். பிளாக் செய்துவிட்டு, கணவன் மணிவண்ணனிடம் வாயே திறக்கவில்லை. சொன்னால் லைவே வேண்டாம் என்பான்.

அவனேதான் வேறு எண்ணில் வருகிறான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த சேலையை எடுத்தாள். வெளிச்சம் வேண்டுமென்று வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்தே வைத்திருந்தாள். இரண்டு வயது அமுது உள்ளறைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அதே எண். மூச்சு வாங்கும் ஆண் குரல்.

“மஞ்ச கவுன் போட்டிருக்குதே, அந்தப் பாப்பா...”

முழுதாகக் கேட்காமலே துண்டித்தாள். அந்தக் கவுனைக் காலையில்தான் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு யாரும் வரவில்லை. அப்படியானால் அவன் பக்கத்தில் எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

லைவை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டாள். திருவாண்டார்கோயில் கம்பெனியில் இருக்கும் மணிவண்ணனுக்கு அடித்துப் பார்த்தாள். வேலை நேரத்தில் போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ஜன்னல் இடுக்கு வழியே தெருவைப் பார்த்தாள். ஒரு பைக் மெதுவாகக் கடந்து போனது. அப்போது இன்னொரு செய்தி வந்தது.

“கதவு.”

அவள் கதவை மூடியதைக்கூடப் பார்த்திருக்கிறான். குழந்தையைத் தூக்கிக்கொள்ள உள்ளறைக்குள் ஓடினாள்.

தூளி தொளதொளவென்று தொங்கியது. உள்ளே அமுது இல்லை.

கொல்லைக் கதவு வழியே பாய்ந்தாள். வீட்டுக்குப் பின்னால் பக்கத்து வயல்காரரின் மோட்டார் தொட்டி. அதன் விளிம்பில் மஞ்சள் கவுன் தெரிந்தது. அமுது வயிற்றை விளிம்பில் கொடுத்து, தண்ணீரை எட்டிப் பிடிக்கக் குனிந்திருந்தாள். இரண்டு காலும் தரையில் இல்லை.

சுவேதா போய்ச் சேர்ந்ததும் வாரித் தூக்கியதும் அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். பக்கத்துக் கரும்பு வயலில் காய்ந்த தோகை அசைந்தது. இங்கேதான் இருக்கிறான். குழந்தையை இவ்வளவு தூரம் கூட்டி வந்தவன் போயிருக்க மாட்டான்.

கையில் இருந்த போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தாள்.

“எங்கடா ஒளிஞ்சிகினு கீற? எம் பொண்ண இன்னா பண்ணப் பாத்த?”

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

“நான் ஓசூர்ல இருக்கேன்மா, சேல பாக்கலாம்னு வந்தேன், லைவ்ல உனக்குப் பின்னாலயே கொழந்த தனியா கதவு வழியா வெளிய போச்சு.”