யாரும் வராத கட்டில்

கிறிஸ்துமஸைச் சாக்கிட்டு அம்மாவைக் கையோடு அழைத்துப் போகத்தான் மூத்தவன் மனைவியுடன் கடல்தாண்டி வந்திருந்தான். இந்த ஊர்ச் சாலையில் தம்பி அடிபட்டுச் செத்தபோது அடக்கம் செய்ய வந்த அம்மா, இரண்டு வருஷமாக இங்கேயே ஆஸ்பத்திரித் தொண்டில் ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா இங்கயே உட்காரணுமாம்மா?"

"இன்னிக்குத்தான்டா உட்காரணும். பார்க்க ஆள் வராத நோயாளி பக்கத்துல பண்டிகையன்னிக்கு ஒரு தொண்டர் இருக்கணும். இந்த வார்டு வழக்கம்."

கட்டிலில் நினைவில்லாமல் ஓர் இளைஞன் கிடந்தான். காய்ந்த உதட்டை அம்மா ஈரத்துணியால் ஒற்றினாள். நகம் வெட்டிவிட்டாள்.

மருமகளுக்குக் கண் கலங்கியது. "பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கறீங்க, அத்தை."

"டாக்டரெல்லாம் கையை விரிச்சாச்சு. நான்தான் விடல."

"இவனுக்குச் சொந்தம்னு யாருமே இல்லையா?" என்றான் மூத்தவன்.

"இருக்காங்க. இவன் செஞ்ச காரியத்துக்குத் தலைமுழுகிட்டாங்க."

"அப்படி என்ன செஞ்சான்?"

அம்மா சீப்பை எடுத்து இளைஞனின் தலையை வாரினாள். "குடிச்சிட்டு வண்டி ஓட்டினான். உன் தம்பி மேல ஏத்திட்டு மரத்துல போய் மோதினது இவன்தான்."

மூத்தவன் கட்டிலை விட்டு விலகி நின்றான். "இவனை மன்னிச்சிட்டியாம்மா?"

அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். பையிலிருந்து தம்பியின் போட்டோவை எடுத்து, இளைஞனின் முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்தாள்.

"போன வாரம் விரலை அசைச்சான்டா. கண்ணைத் திறந்ததும் என் பிள்ளை முகத்தைத்தான் பார்க்கணும். அதுவரைக்கும் இவனைச் சாக விடமாட்டேன்."