மொட்டைக் கேந்தி

"ஏட்டி பேச்சி, அந்த மொட்டைச் செடி எல்லாத்தையும் நாளைக்கே பிடுங்கிரணும். கம்பெனி ஆள் கண்ணுல பட்டா தொலைஞ்சோம்."

மூக்காண்டி வரப்பில் நின்றபடி மனைவியிடம் சொன்னான். பனவடலிசத்திரத்தில் குத்தகைக்கு எடுத்த வயல். அதில் நாலு பாத்தி மட்டும் விதைக் கம்பெனி கொடுத்த கேந்தி, அதாவது செண்டுமல்லி நாற்று. இது சரியாக வந்தால்தான் அடுத்த பட்டத்தில் முழு வயலுக்கும் ஒப்பந்தம்.

பாதிச் செடிகள் மஞ்சளாக வாய் திறக்கத் தொடங்கியிருந்தன. மீதிப் பாதியில் பூ இருக்கவேண்டிய இடத்தில் இதழே இல்லை. வெளிறிய நார்க்கற்றை மட்டும்.

மறைக்க வேண்டாம், கம்பெனித் தம்பியிடம் காட்டிக் கேட்போம் என்றாள் பேச்சித்தாய். தண்ணீர் பாய்ச்சத் தெரியாதவன் என்று தன்மேல்தான் பழி வரும் என்றான் அவன்.

அவள் பூத்த செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மண்ணுல இருக்க சீக்காங்க?"

"அப்படித்தான் இருக்கும்."

"அப்ப நல்லதுக்கும் ஒட்டிக்கிடுமே."

"அதுக்குத்தான சொல்லுதேன்."

மறுநாள் உரம் வாங்கச் சங்கரன்கோவில் போனான் மூக்காண்டி. உரக்கடை வாசலில் தோளில் ஒரு கை விழுந்தது. கம்பெனியின் வயல் அலுவலர், கடையநல்லூர் முகம்மது ஆரிப்.

"உங்க வயலுக்குத்தான் கெளம்புதேன் அண்ணாச்சி. மொட்டு விட்டிருக்குமே?"

ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல, பாதிச் செடியில் இதழே வராவிட்டால் என்ன சீக்கு என்று கேட்டான் மூக்காண்டி. ஆரிப் சிரித்துவிட்டான்.

இந்த இடத்தில் இதழ், இந்த இடத்தில் மகரந்தம் என்று பூவுக்கு உத்தரவு போடும் மரபணுக்கள் செடிக்குள் உண்டாம். இந்த ரகத்தில் பாதிச் செடிகளில் அந்த உத்தரவு போய்ச் சேராதாம். அதனால் இதழும் கிடையாது, சொந்த மகரந்தமும் கிடையாது. கம்பெனி கொண்டுவரும் வேறு ரகத்து மகரந்தத்தைத் தடவினால் வீரிய விதை கட்டும்.

"மொட்டைதான் அண்ணாச்சி தாய். மஞ்சளாப் பூக்கத பூராவும் பிடுங்கணும், இல்லன்னா அதோட மகரந்தம் கலந்துரும். அதச் சொல்லத்தான் வாரேன்."

மூக்காண்டி வீட்டுக்காரிக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வயலில் இறங்கினால் போனை மோட்டார் ரூமில் வைத்துவிடுவாள்.

ஆரிப்பின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பாதி வழியில் உண்மையைச் சொன்னான். ஆரிப் வண்டியை முறுக்கினான். இருபுறமும் கரிசல் வெயிலில் அசையாமல் கிடந்தது.

பேச்சித்தாய் தொட்டித் தண்ணீரில் முழங்கை வரை அப்பியிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். வயல் பக்கம் தலையைத் திருப்ப மூக்காண்டிக்குத் தைரியமில்லை.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டியா?"

"பாதி வேலதான் ஆயிருக்கு, மொட்டைய இனிமேத்தான் தொடணும்" என்றாள் அவள். "சீக்கு ஒட்டும்னீங்கள்லா, அதான் முதல்ல பூத்த நல்ல செடி அம்புட்டையும் வேர்மண்ணோட பெயர்த்துக் கொண்டுபோய் நம்ம வீட்டு வாசல்ல நட்டுட்டேன்."