போதனாசிரியரின் தேனீப் பெட்டி

விவசாயப் போதனாசிரியர் குமாரசிங்கத்துக்குப் போதனை செய்யாவிட்டால் சோறு செமிக்காது. தெமோதரைத் தோட்டத்து இராக்கம்மாவுக்கு ஆறு மாதம் முன்பு அவர்தான் தேனீப் பெட்டி கொடுத்தார். இன்று அவளுடைய கொடித்தோடை என்ற பாஷன் பழப் பந்தலில் இலை தெரியாமல் காய்.

“பாத்தியே என்ர தேனீயின்ர கெட்டித்தனத்தை! என்ர குவார்ட்டர்ஸ் கொடியில இந்த வருசம் ஒரு பிஞ்சுகூட இல்லை. அங்கையும் ஒரு பெட்டி வைக்கவேணும்.”

“வேணாங்கய்யா.”

“ஏன்?”

இராக்கம்மா தலையைச் சொறிந்தாள்.

“உங்க ஈ பூத்தூளையெல்லாம் வழிச்சுக்கிட்டுப் போயிருதுங்க. கருவண்டும் கோவிச்சுக்கிட்டு வர்றதில்ல. பெட்டியைத் தூக்கினப்புறந்தான் வண்டும் வந்துச்சு, காயும் வந்துச்சு.”

“தூக்கி எங்கை வைச்சனி?”

“சர்க்கார் சாமானை வீசலாமுங்களா? உங்க குவார்ட்டர்சுக்குப் பின்னால, கோப்பிச் செடிக்குள்ள பத்திரமா இருக்குதுங்க.”