சிடியில் இல்லாத சத்தம்

"இது அது இல்ல தம்பி" என்று உலகம்மாள் சிடியை மேசை மேல் வைத்தாள்.

உச்சிப்புளி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருந்த தவசிக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. முந்தின நாள் டிவியில் ஒரு பாட்டுக் கம்பெனி முதலாளி, இணையத்தில் பாட்டை ஏற்றுகிறவர்களும் இறக்குகிறவர்களும் ரசிகர்களே அல்ல, திருடர்கள் என்று சொல்லிவிட்டார். கடை கடையாகச் சோதனை வரப்போகிறதாம்.

பயந்துபோன தவசி, கம்ப்யூட்டரில் இருந்த பாட்டையெல்லாம் அழித்துவிட்டான். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படமாட்டாது என்று வாசலில் எழுதியும் ஒட்டிவிட்டான்.

பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். திருடனாம். தெம்மாங்குப் பாடகர் சின்னச்சாமியின் ஒரே கேசட்டை, நாடா தேயத் தேய மறுபடி மறுபடி காசு கொடுத்து வாங்கியவன் அவன். அந்தக் கேசட் எந்தப் பாட்டில் தொடங்கும் என்று அந்த முதலாளியைக் கேட்டால் சொல்வாரா?

உலகம்மாள் கொண்டுவந்திருந்ததும் அதே கேசட்டின் சிடிதான். மிளகாய் வத்தல் போட ராமநாதபுரம் மண்டிக்குப் போனவள், அப்படியே வாங்கி வந்திருக்கிறாள். ஒரிஜினல். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"வீட்ல இருந்த கேசட்டு நாடா சிக்கி அந்து போச்சு. டிவியில சொன்னாகளேன்னு துட்டுக் குடுத்து இத வாங்குனேன். எல்லாப் பாட்டும் இருக்கு. அந்தச் சத்தத்த மட்டும் காணோம்."

எந்தச் சத்தம் என்று தவசி கேட்கவில்லை. கேட்டால் அவன் ரசிகனே இல்லை.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் திருவிழா மேடையில் வைத்தே பதிவு செய்தது அது. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும் நேரத்தில், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்துவான்: "அண்ணே, இன்னொருக்கா படிங்கண்ணே."

சின்னச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்போடு மறுபடி எடுப்பார் பாருங்கள், அதுவரை பாடியதெல்லாம் வெறும் ஒத்திகைதானோ என்று இருக்கும்.

அந்தச் சத்தத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து ரிங்டோனாக வைக்காத இளவட்டம் இந்தப் பக்கத்தில் கிடையாது. புதுமடத்துப் படகுகளில் அது அடிக்கும். பெரியபட்டினத்திலிருந்து துபாய்க்குப் போனவர்கள் சட்டைப்பையில் அடிக்கும்.

இணையத்தில் ரசிகர்கள் கூடிப் பேசும் இடத்தில், அந்த ஆள் யார் என்று பெரிய வழக்கே நடந்தது. மதுரைக்காரன் என்றார் ஒருவர். இப்படிக் கத்தக் காற்றோடு பழகியிருக்க வேண்டும், கடல்காரன்தான் என்றார் இன்னொருவர். எவனாக இருந்தால் என்ன? சின்னச்சாமி மேல் இருந்த மரியாதையில் பாதியைத் தவசி அந்த ஆளுக்கும் கொடுத்து வைத்திருந்தான். பாடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். அப்படிக் கேட்கத் தெரிந்தவன் அபூர்வம்.

சிடி போட்ட கம்பெனி அதை இரைச்சல் என்று வெட்டி எறிந்திருந்தது. துல்லியமாகச் சுத்தம் செய்யப்பட்டது என்று அட்டையில் பெருமை வேறு.

"நேத்துத்தேன் எல்லாத்தையும் அழிச்சேன்க்கா. எங்கிட்ட இருந்த கேசட்டும் தேஞ்சு போச்சு" என்றான் தவசி.

உலகம்மாள் சிடியைத் திரும்ப எடுக்கவில்லை. உறையின் ஓரத்தை நகத்தால் நீவியபடியே நின்றாள். அவள் அப்படி நின்றதை அவனால் தாங்க முடியவில்லை.

வருவது வரட்டும் என்று இணையத்தைத் திறந்தான்.

யாரோ ஒரு புண்ணியவான் பழைய கேசட்டிலிருந்து எடுத்து, ஒரு இருமலைக்கூட விடாமல் அப்படியே ஏற்றியிருந்தான். கம்பெனி எச்சரித்துவிட்டது, இன்று சாயந்தரம் எடுத்துவிடுவேன், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளுங்கள் என்று கீழே எழுதியிருந்தான். அதற்கும் கீழே, சத்தம் போட்ட அண்ணனுக்கு ஒரு கும்பிடு.

பாட்டு நகர்வேனா என்று இறங்கியது. கரண்ட் போகும் நேரமும் நெருங்கியது. இரண்டு பேரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறங்கி முடிந்ததும் தவசி தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டான், முகம் தெரியாத அந்த ரசிகனை.

"சத்தமா வைங்க தம்பி" என்றாள் உலகம்மாள். "ரோட்டுக்குக் கேக்கணும்."

முந்தின நாள் பயந்தவன்தான். ஸ்பீக்கரை வாசல் பக்கம் திருப்பி, முழுச் சத்தத்தில் வைத்தான்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியது. அந்தக் குரல் கடையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிப் போனது. பேருந்துக்கு நின்றவர்களில் தெரிந்தவர்கள் சிரித்தபடி "இன்னொருக்கா" என்று கூடவே கத்தினார்கள்.

எதிர்ப்பக்கம் வேப்பமர நிழலில் நின்ற ஒருவர் மட்டும் ரோட்டைக் கடந்து வந்தார். படியேறி, உலகம்மாளுக்குப் பக்கத்தில் நின்றார். சட்டையின் மேல் பொத்தான் போடாமல் இருந்தது. கழுத்துக்குழியில் சின்னதாக ஒரு ஓட்டை. மூச்சு அது வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது.

"கேட்டுக்கங்க" என்றாள் உலகம்மாள் அவரிடம். "ஆப்பரேசனுக்கு முந்தி உங்க தொண்ட எப்புடி இருந்துச்சுன்னு."

ஸ்பீக்கரில் சின்னச்சாமி சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தவசியைப் பார்த்து, ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்.