ஓம்ஃபலே அரசியின் தடி

“தடி எங்கடி?”

“வரைஞ்ச தடிய நான் எங்கங்க கொண்டுபோவேன்—”

“நீதான் சுரண்டியிருக்கே!”

“சுரண்டுறது உங்க வேலை. என்னைச் சொல்லாதீங்க!”

பார்மா நகரத்து ஓவியர் பிரோஸ்பெரோ, ஓம்ஃபலே அரசிக்கு அடிமையாகிப் பாவாடை கட்டி நூல் நூற்கும் மாவீரன் ஹெர்குலிஸை வரைந்துகொண்டிருந்தார். அவனுடைய தடியைப் பிடுங்கி ஓங்கி நிற்கும் அரசிக்கு மனைவி ஐசோத்தாவின் முகம். அடிமைக்குத் தன் முகம். பெண் கையில் தடி ஓங்கியிருக்கக் கூடாது என்று படத்துக்குப் பணம் தரும் பிரபு சொல்லிவிட்டார். மூன்று நாளாகத் தடியைச் சுரண்டித் தாழ்த்தி வரைந்தார். ஒவ்வொரு காலையும் அது முன்னிலும் உயர்ந்திருந்தது. வண்ணமும் நன்றாகக் காய்ந்திருந்தது. இன்று அரசியின் கை வெறுமையாக இருந்தது.

தூரிகையை எடுக்கப் போனவரின் விரல்களில் கம்பளி நூல் ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் மேல் நீளமாக ஒரு நிழல் உயர்ந்தது.

“ஐசோத்தா?”

“திரும்பாதடா. நூலு அறுந்துடும்.”