செலுத்தியவர் பெயர்

இனியன் இறந்து நாற்பத்தொரு நாள் கழித்து வங்கியில் பணம் கட்டியிருந்தான். அடுத்த மூன்று திங்கட்கிழமைகளிலும் கட்டியிருந்தான். ஒவ்வொரு முறையும் நாற்பத்தொன்பதாயிரம் ரூபாய்.

நான்கு சீட்டுகளின் நகல்களையும் தனபால் மேசைமேல் வைத்தார். அரசு உத்தரவாதம் தரும் வீட்டுக் கடன்களில் முன்பணம் யாருடையது என்று தணிக்கை செய்பவர் அவர். சேலத்திலிருந்து பள்ளிபாளையம் வந்திருந்தார். வீட்டைக் காட்ட வங்கியின் கடன் பிரிவிலிருந்து சித்ரா உடன் வந்திருந்தாள்.

“இதெல்லாம் யாரும்மா கட்டுனது?”

“அவருதானுங்க,” என்றாள் இனியனின் மனைவி சாரதாமணி. “பேரு போட்டிருக்குதில்லீங்க.”

கணக்கு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. குறுஞ்செய்தி அவன் செல்போனுக்குத்தான் வரும். அவன் போன பிறகும் அவள் அதை அணைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அது ஒலித்தது. உயிரோடு இருந்தபோது அவன் வங்கிக்குப் போனதும் திங்கட்கிழமை பதினொரு மணிக்குத்தான்.

“நாலு வாரத்தோட நின்னு போச்சுங்க. ஆனா திங்கக்கெழமையானா இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்.”

அன்றும் திங்கட்கிழமை. செல்போன் சன்னலோரம் சார்ஜில் கிடந்தது. வீட்டில் புது பெயின்ட் வாசனை போகவில்லை. காலியாக இருந்த ஒரே நாற்காலியில் காக்கிச் சட்டை ஒன்று தொங்கியது. சித்ரா உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

தனபால் கோப்பைப் புரட்டினார். முன்பணம் போதவில்லை என்று இனியனின் மனு மூன்று முறை திரும்பியிருந்தது. அந்தக் குறையைச் சேர்க்க அவன் ஓய்வெடுக்காமல் லாரி ஓட்டினான். ஓங்கோல் தாண்டி, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிட்டான். அவன் போன பிறகு அந்தக் குறை நிரம்பியதும், கடன் சாரதாமணி பெயரில் கிடைத்தது.

“பத்தாம இருந்தது ஒரு லட்சத்துத் தொண்ணூத்தாறாயிரம். வந்ததும் அதேதான். இவ்வளவு குறையுதுன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்?” அவர் சித்ராவைப் பார்த்தார். “செத்தவர் பேர்ல கட்டுனா யாரும் கேக்கலையா?”

“எடுக்கறவங்களத்தானுங்க சார் கேப்பாங்க. அம்பதாயிரத்துக்குக் கீழ கட்டறவங்கள யாரும் நிமிந்துகூடப் பாக்க மாட்டாங்க.”

வீட்டை விற்றவரே முன்பணத்தைக் கட்டிவிட்டு, அதை விலையில் ஏற்றியிருப்பார் என்பது தனபாலின் சந்தேகம். அப்படியானால் உத்தரவாதம் ரத்தாகும். வங்கி முழுக் கடனையும் கேட்கும். வீடு போய்விடும்.

அதை அவர் சாரதாமணிக்கு நிதானமாகச் சொன்னார். கொடுத்தவர் விற்றவரின் ஆள் இல்லை என்று தெரிந்து, திருப்பிக் கேட்க மாட்டேன் என்று அவர் எழுதித் தந்தால் வீடு தப்பும். ஆனால் செத்தவர் பெயரை எழுதியதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். வேலையில் இருப்பவரானால் வேலை போகும்.

“அதுக்கு அவரயே கூட்டியாரச் சொல்றீங்களா சாமி?” என்று கேட்டாள் சாரதாமணி.

தனபால் பேனாவை எடுத்து, ‘செலுத்தியவர்’ என்ற இடத்துக்கு நேராக ‘தெரியவில்லை’ என்று எழுதத் தொடங்கினார்.

மணி பதினொன்றைத் தாண்டியது. சாரதாமணி செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒலிக்கவில்லை.

சித்ரா காக்கிச் சட்டையை எடுத்து மடித்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எழுதாதீங்க சார். கட்டுனது நானுங்க. மூணு வாட்டியும் அவரத் திருப்பி அனுப்புனதும் நானுங்க.”